லூசில் பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூசில் பால் யார்?

அமெரிக்க டிவி நகைச்சுவைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்த நடிகை. 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் சேனலில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரில் லூசி ரிக்கார்டோ என்ற குறும்புக்கார மனைவியாக வந்து நாடு முழுக்கத் தெரிந்த முகமானார். அரை மணி நேர எபிசோடுகள் 180. ஆறு சீசன்களில் நான்கில் அமெரிக்காவிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுதான். பிறகு ஒரு பெரிய டிவி ஸ்டூடியோவைத் தனியாக நடத்திய முதல் பெண்ணும் அவரே.

சிலர் அவரை ‘முதல் டிவி நகைச்சுவை நடிகை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. கெர்ட்ரூட் பெர்க் 1949லேயே தன் வானொலித் தொடரை டிவிக்குக் கொண்டுவந்து, தானே எழுதி, தானே நடித்து, அமெரிக்க டிவிக்கான எம்மி விருதும் வாங்கியிருந்தார்.

வசதியான வீட்டுப் பிள்ளையா?

இல்லை. 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். அப்பா டெலிபோன் கம்பெனியில் லைன்மேன். லூசிலுக்கு மூன்று வயதாகும்போது டைபாய்டில் இறந்துபோனார். அம்மா டிடி அப்போது கர்ப்பிணி. தம்பி ஃபிரெட் அதன் பிறகுதான் பிறந்தான். பக்கத்தில் ஏரிக்கரை ஊரான செலரானில், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இந்தத் தாத்தாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு கேள்வியில் வருவார். பேரப்பிள்ளைகளை மேடை நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். 1927ல் அவர் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் துப்பாக்கி சுட்டுப் பழகும்போது பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பாய்ந்து அவன் முடமானான். வழக்கு நடந்தது, வீடு கையைவிட்டுப் போனது. பணம் பற்றி லூசிலுக்குக் கடைசிவரை இருந்த பயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நடிப்புப் பள்ளியில் ‘உனக்கு நடிப்பு வராது’ என்று திருப்பி அனுப்பினார்களாமே?

உண்மைதான். பதினைந்து வயதில் நியூயார்க்கில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நட்சத்திர மாணவி, பின்னால் பெரிய ஹாலிவுட் நடிகையான பெட்டி டேவிஸ். லூசிலோ வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார். ‘பணத்தை வீணாக்காதீர்கள்’ என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு உடை மாடலாக வேலை பார்த்தார். மூட்டு நோய் வந்து, நீண்ட காலம் படுத்துக் கிடந்து, திரும்ப நடக்கப் பழகினார். செஸ்டர்ஃபீல்டு சிகரெட் விளம்பரங்களில் முகம் வந்தது. 1933ல் ஒரு படத்தில் கூட்டத்தோடு ஆடும் பெண்களில் ஒருவராக ஹாலிவுட் போனார்.

சினிமாவில் ஏன் பெரிய நட்சத்திரம் ஆகவில்லை?

அவரை எங்கே வைப்பது என்று ஸ்டூடியோக்களுக்குத் தெரியவில்லை. அழகி வேடம் கொடுத்தால் கண்களில் குறும்பு எட்டிப் பார்த்தது. குறும்புக்கென்று வேடம் எழுதுவார் யாரும் இல்லை. ஆர்கேஓ ஸ்டூடியோவில் வசனமே இல்லாத வேடங்களில் தொடங்கி, சிறு பட்ஜெட் படங்களின் கதாநாயகியாகிப் பல வருடம் ஓட்டினார். ‘பி படங்களின் ராணி’ என்று பேர். கிண்டலாகவும் எடுத்துக்கொள்ளலாம், பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் வீணான வருடங்கள் என்று சொல்ல மாட்டேன். எம்ஜிஎம் ஸ்டூடியோவில் இருந்தபோது, தன் பொற்காலம் முடிந்து அங்கே ஓரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்த பஸ்டர் கீட்டனோடு பழக்கமானது. பேசாப்பட மேதையான அவர், கையில் எடுக்கும் பொருளை எப்படிச் சிரிப்பாக மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தார். தொப்பியோ நாற்காலியோ எதுவானாலும் காட்சிக்கு முன் நீயே எடுத்துப் பார், எடை தெரிந்துகொள், எங்கே சிக்கும் என்று தெரிந்துகொள் என்பது அவர் பாடம்.

அந்தச் செம்பட்டை முடி இயற்கையானதா?

சாயம். பிறந்தபோது பழுப்பு. மாடலாக இருந்தபோது பொன்னிறம். எம்ஜிஎம்மில் 1943ல் வந்த வண்ணப்படத்துக்காகச் சிகை அலங்காரக்காரர் சிட்னி கிலாராஃப் சிவப்பாக்கினார். வேடிக்கை என்னவென்றால், அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன தொடர் கறுப்பு வெள்ளையில்தான் ஓடியது. முடி சிவப்பு என்று பார்வையாளர்கள் நம்பிக்கொண்டார்கள்.

டெசி ஆர்னாஸ் யார்?

கணவர், உடன் நடித்தவர், தொழில் கூட்டாளி. கியூபாவின் சாண்டியாகோ நகர மேயரின் மகன். 1933 புரட்சியில் குடும்பம் சொத்தை இழந்து மயாமிக்கு ஓடிவந்தது. டெசி கோங்கா மேளம் அடித்து, பாடி, சொந்தமாக இசைக்குழு வைத்தார். 1940ல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்தார்கள். அதே வருடம் நவம்பர் 30 அன்று யாருக்கும் சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். லூசிலுக்கு 29, டெசிக்கு 23.

குழுவோடு அவர் ஊர் ஊராகப் போக, லூசில் ஹாலிவுட்டில் தனியாக இருந்தார். 1944ல் விவாகரத்து மனுப் போடும் அளவுக்குப் போய், சமாதானமானார்கள். டெசியின் குடியும் பெண் தொடர்புகளும் கடைசிவரை தீராத பிரச்சினை.

‘ஐ லவ் லூசி’ எப்படித் தொடங்கியது?

1948ல் லூசில் சிபிஎஸ் வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர். எழுத்தாளர்கள் மேடலின் பியூ, பாப் கேரல். ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் முன்னால் அவர் முகத்தையும் கையையும் ஆட்டிப் பேசப்போய், சிரிப்பு இரட்டிப்பானது. சிபிஎஸ் அதை டிவிக்குக் கொண்டுபோகலாம் என்றது.

லூசில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கணவர் வேடத்தில் டெசிதான். ஊர் ஊராகச் சுற்றும் மனுஷனை வீட்டில் இருக்கவைக்க வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைக்கார அமெரிக்கப் பெண்ணுக்கு, இங்கிலீஷைக் கடித்துத் துப்பும் கியூபாக்காரர் கணவர் என்றால் யார் நம்புவார்கள் என்று சேனலில் தயங்கினார்கள். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன ஜோடியிடம் இதைச் சொன்னார்கள் என்பது தனி நகைச்சுவை. 1950ல் இருவரும் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். கூட்டம் கைதட்டியது, சேனல் இறங்கிவந்தது. 1951 மார்ச்சில் மாதிரி எபிசோடு எடுத்தபோது லூசில் கர்ப்பிணி. ஜூலையில் மகள் பிறந்தாள். அவருக்கு அப்போது 40 வயது ஆகப்போகிறது.

மூன்று கேமரா முறை என்று சொல்கிறார்களே, அது என்ன?

அன்றைய நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாகப் போயின. நேரடியாகக் கிடைக்காத ஊர்களுக்கு, டிவி திரையையே ஃபிலிம் கேமராவால் படம் பிடித்து அனுப்புவார்கள். கரிக்கோடு இழுத்தது போல மங்கலாகத் தெரியும். ஸ்பான்சரான ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனிக்கு, வாடிக்கையாளர்கள் அதிகம் இருக்கும் கிழக்குப் பகுதியில் மங்கல் படம் போவதில் விருப்பமில்லை. தம்பதிக்கோ லாஸ் ஏஞ்சலிஸை விட்டு நகர மனமில்லை.

சினிமா போல 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்துவிட்டால் எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் போகும் என்று முடிவானது. ஆனால் சினிமாவில் ஒரே கேமராவை வைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். லூசிலுக்கு எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் நடிப்பு பாதிதான். அதனால் மேடை நாடகம் போல வரிசையாக அரங்கங்களை அமைத்து, சுமார் 300 பேரை உட்காரவைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஒன்று முழு அரங்கத்தை எடுக்கும், மற்ற இரண்டும் நெருக்கமாக எடுக்கும். காட்சி நிற்காமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடக்கும்.

இதற்கு வெளிச்சம் போடுவதுதான் பெரிய தலைவலி. கேமராக்கள் நகர்ந்தாலும் நிழல் விழக்கூடாது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் தெரிய வேண்டும். ஜெர்மனியில் பேசாப்படக் காலத்தில் பெயரெடுத்த ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராயிண்டைக் கூப்பிட்டார்கள். அவர் விளக்குகளை மேலே தொங்கவிட்டு, வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பி வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட கேமரா வைத்து எடுத்தவர்கள் முன்பும் உண்டு. ஆனால் பார்வையாளர்கள், மூன்று ஃபிலிம் கேமரா, நகைச்சுவைத் தொடர் மூன்றையும் சேர்த்து நிலைநிறுத்தியது இந்தக் குழுதான். பின்னால் வந்த எத்தனையோ சிட்காம்கள் இதே முறையில்தான் எடுக்கப்பட்டன.

சிரிப்பெல்லாம் நிஜச் சிரிப்பு. லூசிலின் அம்மா டிடி படப்பிடிப்புகளுக்கு வந்து வரிசையில் உட்காருவார். மகள் வம்பில் மாட்டப்போகும் நேரத்தில் பதறிக் குரல் கொடுப்பவர் அவர்தான்.

பழைய எபிசோடுகளின் உரிமை அவர்கள் கையில் எப்படி வந்தது?

ஃபிலிமில் எடுத்தால் செலவு கூடும். யார் கொடுப்பது என்று இழுபறி. டெசி ஒரு வழி சொன்னார்: ‘எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள், ஃபிலிம் உரிமை எங்கள் டெசிலூ கம்பெனிக்கு.’ சிபிஎஸ் சந்தோஷமாக ஒப்புக்கொண்டது. ஒரு தடவை ஒளிபரப்பான நிகழ்ச்சியை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள்?

மறுபடி பார்த்தார்கள். லூசில் பிரசவத்துக்காக ஓய்வில் இருந்தபோது பழைய எபிசோடுகளைப் போட, அதற்கும் கூட்டம் குறையவில்லை. 1950களின் பிற்பகுதியில் சிபிஎஸ் அந்த உரிமையை சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அந்தப் பணம் கைகொடுக்க, 1957 இறுதியில் டெசிலூ ஆர்கேஓ ஸ்டூடியோவையே வாங்கியது. லூசில் வசனமில்லாத வேடத்தில் நின்ற அதே ஆர்கேஓ.

இதில் பெரும்பங்கு டெசியுடையது. லூசில் பற்றி எழுதும்போது அவரைக் குடிகாரக் கணவராக மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்கள். கணக்கும் தொழில்நுட்பமும் பேரமும் அவர் கை வேலை. லூசிலே அதை எப்போதும் சொல்லிவந்தார்.

அவர் நகைச்சுவையில் அப்படி என்ன விசேஷம்?

கதை எளிமையானது. கணவன் ரிக்கி இசைக்குழு நடத்துகிறான். மனைவி லூசிக்கு மேடையேற ஆசை, ஆனால் பாட வராது. ஒவ்வொரு வாரமும் ஒரு திட்டம், பக்கத்து வீட்டு எதெல் துணை, கடைசியில் குட்டு வெளிப்படும்.

விசேஷம் செய்நேர்த்தியில் இருக்கிறது. 1952 செப்டம்பரில் வந்த சாக்லெட் ஆலைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வேயரில் வரும் சாக்லெட்டை லூசியும் எதெலும் காகிதத்தில் சுற்ற வேண்டும். முதலில் மெதுவாக வருகிறது, இருவரும் கெட்டிக்காரத்தனமாகச் சுற்றுகிறார்கள். வேகம் கூடுகிறது. ஒன்றிரண்டு தப்புகிறது, வாயில் போடுகிறார், தொப்பிக்குள் போடுகிறார், சட்டைக்குள் போடுகிறார். மேற்பார்வையாளர் அம்மா வந்து, பரவாயில்லையே என்று நினைத்து இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறார். இதில் லூசி ஒரு தடவைகூட ‘நான் வேடிக்கை காட்டுகிறேன்’ என்ற பார்வை பார்ப்பதில்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான் முகத்தில். அந்தப் பயம் நிஜமாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

அதே வருடம் மே மாதம் வந்த டானிக் விளம்பர எபிசோடு இன்னும் நுணுக்கமானது. விளம்பர ஒத்திகைக்காக ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி டானிக் குடிக்கிறார். அதில் 23 சதவீதம் ஆல்கஹால் என்று அவருக்குத் தெரியாது. நாக்கு குழறுவது ஒரே அடியாக வருவதில்லை. முதல் கரண்டியில் கசப்பு, அடுத்ததில் லேசான பிரியம், பிறகு வார்த்தைகள் இடம் மாறுகின்றன, பிறகு ஒரு கண் சொன்னபடி கேட்பதில்லை. படி படியாக இறங்கும் இந்தக் கணக்கை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

‘நான் சிரிப்புக்காரி கிடையாது, எனக்குத் துணிச்சல் உண்டு’ என்ற பொருளில் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர்களும் இயக்குநர்களும்தான் சிரிப்பை உண்டாக்கினார்கள் என்பார். அடக்கத்துக்காகச் சொன்னதில்லை அது. வாரத்தில் நான்கைந்து நாள் ஒத்திகை. தானாக வந்தது போலத் தெரியும் ஒவ்வொரு தடுமாற்றமும் முன்கூட்டி எழுதி, பழகிப் பார்த்தது. ஒத்திகையில் அவர் கறாரானவர், சில சமயம் பொல்லாதவர் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

கர்ப்பமாக நடித்தது அன்று பெரிய விஷயமா?

ஆமாம். 1952ல் மறுபடி கர்ப்பம். மறைத்துவைக்காமல் கதையிலேயே சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். சேனலும் ஸ்பான்சரும் நடுங்கினார்கள். கர்ப்பம் என்ற நேரடிச் சொல்லைத் திரையில் சொல்லக்கூடாது என்றார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத ரப்பி ஆகிய மூவரும் வசனத்தைப் படித்துப் பார்த்து ஆட்சேபம் இல்லை என்றார்கள். கல்யாணமான தம்பதி, கட்டில்கூடத் தனித்தனி, அதற்கே இத்தனை பாடு!

1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அன்றே நிஜத்திலும் சிசேரியனில் மகன் டெசி ஜூனியர் பிறந்தான். சுமார் 4.4 கோடிப் பேர் அந்த எபிசோடைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களைவிட அது அதிகம்.

அவர் கம்யூனிஸ்டா?

தாத்தா வருகிறார் என்று சொன்னேனே. அவர் தீவிர சோஷலிஸ்ட். 1936ல் வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சி என்று எழுதச் சொல்லிப் பேத்தியைக் கேட்டார். வயதானவர் மனம் நோகக்கூடாது என்று எழுதினேன் என்பது லூசிலின் வாக்குமூலம். 1953 செப்டம்பரில் அமெரிக்க விரோதச் செயல்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் விசாரணையாளரிடம் இதைச் சொன்னார். செய்தி கசிந்தது. எத்தனையோ கலைஞர்களின் பிழைப்பு இதே மாதிரிக் குற்றச்சாட்டில் முடிந்துபோன காலம் அது.

அந்த வாரப் படப்பிடிப்பில் டெசி பார்வையாளர்கள் முன் வந்து, லூசியிடம் சிவப்பு என்று இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் அசல் இல்லை என்றார். அரங்கம் எழுந்து கைதட்டியது. நம்பர் ஒன் நிகழ்ச்சியின் நட்சத்திரமாக இல்லாவிட்டால் இத்தனை சுலபமாகத் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

எதெலாகவும் அவள் கணவன் ஃபிரெடாகவும் நடித்தவர்கள் நிஜத்திலும் நண்பர்களா?

விவியன் வான்ஸும் லூசிலும் காலப்போக்கில் நெருங்கிய தோழிகள். வான்ஸுக்கும் அவருக்குக் கணவராக நடித்த வில்லியம் ஃபிராலிக்கும் ஆகவே ஆகாது. அவர் தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவர், அவருக்கு மனைவியாகவா என்று இவருக்கு எரிச்சல். அது அவர் காதுக்கும் போய்விட்டது. திரையில் அந்த ஜோடி சண்டை போடும்போது அவ்வளவு இயல்பாக இருக்கும்!

விவாகரத்து எப்போது? அப்புறம் என்ன செய்தார்?

1960 மார்ச்சில், இருவரும் சேர்ந்து நடித்த கடைசி எபிசோடின் படப்பிடிப்பு முடிந்த கையோடு மனுப் போட்டார். 1961ல் மேடைச் சிரிப்பு நடிகர் கேரி மார்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1962ல் டெசியின் பங்கை விலைக்கு வாங்கி டெசிலூவின் தலைவரானார். அடுத்த இரண்டு தொடர்கள் 1974 வரை ஓடின. இரண்டாவதில் மகளும் மகனும் பிள்ளைகளாகவே நடித்தார்கள். வாழ்நாளில் நான்கு எம்மி விருதுகள்.

‘ஸ்டார் ட்ரெக்’ அவரால்தான் வந்ததா?

உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. தயாரித்தது டெசிலூ. விண்வெளிக் கதை என்றால் செலவு எகிறும் என்று நிர்வாகக் குழு தயங்கியபோது, தலைவரான லூசில் ஆதரவாக நின்றார். ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரும் அதே 1966ல் அதே ஸ்டூடியோவில் தொடங்கியது. விண்வெளிக் கதையில் அவருக்குத் தனியாக ஆர்வம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஸ்டூடியோவுக்குச் சொந்தமாகத் தொடர்கள் வேண்டியிருந்தன. 1967ல் டெசிலூவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்துக்கு 1.7 கோடி டாலருக்கு விற்றார்.

பெண்ணை அசடாகக் காட்டும் தொடர்தானே இது?

நியாயமான கேள்வி. ரிக்கி மனைவியை மடியில் போட்டு அடிக்கும் காட்சிகள் சில உண்டு. 1950களில் அதற்கும் சிரித்தார்கள். இன்று எனக்கு முடியவில்லை. அவன் உச்சரிப்பைக் கேலி செய்வதும் அலுப்புத்தான், ஆனால் அந்தக் கேலியை மனைவி மட்டுமே செய்யலாம் என்று குழுவில் ஒரு விதி வைத்திருந்தார்கள். மற்றபடி லூசி அசடாகத் தெரியவில்லை. வீட்டில் அடங்கி இரு என்று சொன்னதை அவள் ஒரு வாரமும் கேட்கவில்லை.

கடைசிக் காலம்?

1986ல் எழுபத்தைந்து வயதில் ஒரு புதிய தொடர் தொடங்கினார். எட்டு எபிசோடு ஒளிபரப்பானதும் நிறுத்திவிட்டார்கள். பார்த்தால் காரணம் புரியும்: பாட்டி வயதுக்காரர் ஏணியில் தொங்கினால் சிரிப்பதற்கு முன் பதற்றம் வந்துவிடுகிறது. அந்த அடி அவரை உலுக்கிவிட்டது. அதே வருடம் டிசம்பர் 2 அன்று டெசி புற்றுநோயில் இறந்தார். ஐந்து நாள் கழித்து வாஷிங்டனில் லூசிலுக்குக் கென்னடி மைய விருது. டெசி முன்பே எழுதிவைத்திருந்த வாழ்த்தை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் படித்தார்: ‘ஐ லவ் லூசி’ ஒருபோதும் வெறும் தலைப்பாக இருந்ததில்லை என்று அதில் இருந்தது.

1989 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடி வெடித்து இறந்தார். வயது 77. அஸ்தி 2002ல் ஜேம்ஸ்டவுனுக்குக் கொண்டுவரப்பட்டு, குடும்பத்தார் பக்கத்தில் வைக்கப்பட்டது.

‘பயங்கர லூசி’ சிலை என்று இணையத்தில் சுற்றுகிறதே?

செலரானில் 2009ல் வைத்த வெண்கலச் சிலை. கையில் டானிக் பாட்டிலும் கரண்டியும், முகத்தில் பேயறைந்த களை. ஊரே முகம் சுளித்து, 2016ல் கேரலின் பால்மர் என்ற சிற்பி செய்த வேறு சிலையை வைத்தார்கள். பழையதையும் தூக்கி எறியவில்லை, அதே பூங்காவில் நிற்கிறது. படம் எடுத்துக்கொள்ள இரண்டுக்குமே ஆட்கள் வருகிறார்கள்.

எந்த எபிசோடிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வரிசைப்படி பார்க்க வேண்டாம். முதல் சில எபிசோடுகளில் பாத்திரங்கள் இன்னும் உருவாகி முடியவில்லை. சாக்லெட் ஆலையில் தொடங்குங்கள், வசனம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து டானிக். மூன்றாவதாக 1956ல் வந்த இத்தாலி எபிசோடு: திராட்சை மிதிக்கும் தொட்டிக்குள் லூசிக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் அடிதடி. அந்தப் பெண் நிஜமாகவே திராட்சை மிதித்துப் பழகியவர், இங்கிலீஷ் தெரியாதவர், தன் தலையைச் சாற்றுக்குள் அமுக்கியதில் மூச்சே போய்விட்டது என்று லூசில் பிற்காலப் பேட்டிகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 1955ல் சிரிப்பு நடிகர் ஹார்ப்போ மார்க்ஸோடு கண்ணாடிப் பிம்பமாக நடிக்கும் எபிசோடை அதன் பிறகு பாருங்கள்.